ஜெட்டிக்குத் தமிழில் என்ன?

போன மாதம், நான் இருபத்தெட்டு ஆண்டு வேலை பார்த்த சுற்றுலா நிறுவனத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பினாங்குக்குக் கப்பலில் வரும் தமிழ்நாட்டுப் பயணிகளுக்கு இனிமேல் காதில் மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்று தரப்போகிறார்களாம். கருவிக்குள் இருக்கும் பெண் குரல் கோட்டை, கோயில், கொடிமலை எல்லாவற்றையும் பற்றித் தமிழில் சொல்லுமாம். அந்தக் குரலுக்குச் சளி பிடிக்காது, மதியச் சாப்பாடு வேண்டாம், குதிகால் வலிக்கிறது என்று ஓரமாக உட்காராது. என்னைவிட எல்லா விதத்திலும் உசத்தி. ஆனால் அது பேசப்போகும் சொற்களை யாராவது சரிபார்த்துத் தர வேண்டுமாம். எனக்குத்தான் இப்போது வேலை இல்லையே என்று பட்டியலை அனுப்பியிருந்தார்கள்.

பட்டியலின் நடுவில் இருந்தது அந்த வரி: ஜெட்டி என்பதற்குத் துறைமுகம்.

நான் அதை அடித்துவிட்டு, 'கப்பல் நிற்கும் இடம்' என்று எழுதி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. துறைமுகம் நல்ல தமிழ்ச் சொல்லாயிற்றே, அதை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற வழிகாட்டியிடம் காரணம் கேட்டால் என்ன ஆகும் என்று அந்த அலுவலகத்தில் இப்போது யாருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. கேட்டுவிட்டார்கள். சொல்லித்தானே ஆக வேண்டும்.

நான் வழிகாட்டியானது எந்த லட்சியத்தினாலும் அல்ல. அந்த நிறுவனத்தில் தொலைபேசி எடுக்கும் வேலைக்குத்தான் சேர்ந்தேன். ஒரு நாள் வழிகாட்டி ஒருவர் வரவில்லை. "சரோ பேசுனா அடுத்த கடைக்குக் கேக்குது, மைக்கே வேணாம்" என்று என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். பிறகு வகுப்பு, பரீட்சை, கழுத்தில் தொங்கும் உரிம அட்டை எல்லாம் வந்தன. கோட்டையை எதற்காகக் கட்டினார்கள், பயணி மயங்கி விழுந்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழ் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்குத் தமிழ் தெரியும் என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த என் முதல் குழு அந்த நினைப்பை அரை நாளில் தெளியவைத்தது. காலையில் ஹோட்டல் வாசலில் நின்று, "எல்லாரும் பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன். இங்கே அதற்குக் காலைச் சாப்பாடு ஆயிற்றா என்றுதான் அர்த்தம். ஒரு பெரியவர் முகம் வாடிப்போய், "நாங்க ஒண்ணும் பட்டினி கிடந்து வரலம்மா" என்றார். பத்து மணிக்கு ஒரு கடையில் எல்லாரையும் உட்காரவைத்து, "தண்ணி என்ன குடிக்கிறீங்க?" என்று கேட்டேன். டீயா, காப்பியா, மைலோவா என்பதுதான் என் கேள்வி. ஆண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மனைவிமாரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும் துணிந்து, "காலங்காத்தாலயே குடுப்பாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

மதியம் நடந்ததுதான் உச்சம். கடல்மேல் கால் நட்டு, பலகை பரப்பி, சீனக் குடும்பங்கள் தலைமுறையாக வாழும் வீடுகளைக் காட்டக் கூட்டிப்போக வேண்டும். அந்தப் பலகைத்துறைக்கு இங்கே எல்லாரும் சொல்லும் பெயர் ஜெட்டி. பெர்ரி ஏறும் இடமும், கப்பல் வந்து நிற்கும் இடமும் ஜெட்டிதான். நாங்கள் பேசக் கற்றுக்கொண்டதிலிருந்து அந்தச் சொல் காதில் விழுகிறது, எங்களுக்கு வேறு எதுவும் மனதில் வராது. நான் மைக்கைப் பிடித்து, "மூணு மணிக்கு எல்லாரும் ஜெட்டியில இருக்கணும். ஜெட்டி ரொம்பப் பழசு, நூறு வருஷத்துக்கு மேல ஆவுது. அங்கங்க ஓட்டை இருக்கும், பாத்துக் கால விடுங்க" என்றேன்.

மூன்று மணி வரை பஸ்ஸில் யாரும் சிரிப்பை நிறுத்தவில்லை. முன்சீட்டில் இருந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பின்னாலிருந்து ஒருவர், "ஜெட்டியில மட்டும் இருந்தாப் போதுமாம்மா?" என்று கேட்டார். தமிழ்நாட்டில் அது எங்கே போடுவது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தது மைக்கை வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அந்தக் குழுவின் தலைவர் புகார் ஒன்றும் எழுதவில்லை, சிரித்துக்கொண்டேதான் அலுவலகத்தில் சொன்னார். ஆனால் அது காதர் சார் காதில் விழுந்துவிட்டது. காதர் சார் எங்கள் பயணப் பிரிவின் மேலாளர். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. ஒன்று அவர் எழுத, மற்றது யாராவது இரவல் கேட்டால் கொடுக்க. இரவல் பேனா எப்போதும் எழுதாது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதை ஏறும். சாதாரண நாளில் நான் 'சரோ'. கொஞ்சம் கோபம் என்றால் 'சரோஜினி'. அன்றைக்கு, "சரோஜினி அம்மா, கொஞ்சம் உள்ள வர்றீங்களா?" என்றார்.

"ஜெட்டியில ஓட்டை இருக்குன்னு சொன்னீங்களாமே?"

"நெசமாவே இருக்கு சார். மூணாவது வீட்டுக்கிட்ட ஒரு பலகை..."

"இருக்கட்டும்மா. அதை நீங்க சொல்ல வேணாம்."

பிறகு எழுந்து வெள்ளைப் பலகையில் நடுவே ஒரு கோடு போட்டார். இடப்பக்கம் சொல்லக் கூடாதது, வலப்பக்கம் சொல்ல வேண்டியது. பசியாறு என்பதற்குக் காலைச் சாப்பாடு. தண்ணி என்பதற்கு டீ, காப்பி. வெள்ளி என்பதற்கு ரிங்கிட். 'அஞ்சு வெள்ளி ஆவும்' என்று ஒரு கடைக்காரர் சொன்னதைக் கேட்டு, ஒரு மாலை வாங்க ஐந்து வெள்ளிக்கிழமை காத்திருக்க வேண்டுமா என்று ஓர் அம்மா திகைத்து நின்றது அவருக்கும் தெரியும். கடைசியாக ஜெட்டிக்கு வந்தார். பேனாவால் தாடையைத் தட்டினார், யோசித்தார், 'துறைமுகம்' என்று எழுதினார். இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்தார்.

"எப்படி இருக்கு சரோ?"

"ரேடியோ நியூஸ் மாதிரி இருக்கு சார்."

"அதேதான் வேணும்" என்றார். என்னை மறுபடியும் சரோ என்று கூப்பிட்டதிலேயே எனக்கு உயிர் வந்துவிட்டது. அந்தச் சொல்லைப் பற்றி அதற்குமேல் யோசிக்கவில்லை. அதன் பிறகு பல ஆண்டுகள் அந்தப் பலகையின் வலப்பக்கத் தமிழைத்தான் பேசினேன். வீட்டிலும் அது வந்துவிடும். "காலைச் சாப்பாடு தயார்" என்று ஒரு நாள் சொன்னதற்கு என் வீட்டுக்காரர் ஹாலை எட்டிப் பார்த்தார், விருந்தாளி யாரும் வந்திருக்கிறார்களா என்று.

காதர் சாரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. ஆள் எண்ணுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். விரலை நீட்டி எண்ணக் கூடாது, கண் பட்டுவிடும் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். 'எல்லாரும் வந்தாச்சா?' என்றும் கேட்கக் கூடாது. பஸ் கிளம்பினால் போதும் என்று, வராதவர்களையும் சேர்த்து 'வந்தாச்சு' என்று சொல்லிவிடுவார்கள். 'உங்க பக்கத்துல உக்காந்தவங்க யாரைக் காணோம்?' என்றுதான் கேட்க வேண்டும். அடுத்தவர் வரவில்லை என்று காட்டிக்கொடுக்க நம் ஆட்கள் ஒருநாளும் தயங்கமாட்டார்கள். இந்த முறையில் நான் ஒரு தலையையும் தவறவிட்டதில்லை. ஒவ்வொரு பயணியின் கழுத்திலும் ஓர் அட்டை மாட்டுவோம். அதில் என் பெயரும் கைப்பேசி எண்ணும் பெரிய எழுத்தில் இருக்கும். சிலருக்கு அது பிடிக்காது, பள்ளிப் பிள்ளை மாதிரி இருக்கிறது என்பார்கள். காதர் சார் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்: "பள்ளிப் பிள்ளைங்க தொலையுறதில்ல. பெரியவங்கதான் தொலையுறாங்க."

கப்பல் வரும் நாளில் எங்கள் பினாங்கு நகரமான ஜார்ஜ் டவுன் தலைசீவிப் பொட்டு வைத்துக்கொண்டு நிற்கும். ரிக்‌ஷாக்காரர்கள் பிளாஸ்டிக் பூவைத் துடைத்துக் கட்டுவார்கள். லிட்டில் இந்தியாவில் துணிக்கடைகள் பாட்டுச் சத்தத்தைக் கூட்டும். ஜாதிக்காய் விற்பவர் மற்ற நாளில் தராத சிரிப்பை எடுத்து மாட்டிக்கொள்வார். கப்பல் நிற்பது எட்டு மணி நேரம். அதற்குள் அத்தனை கடைக்கும் வியாபாரம் ஆக வேண்டும். என் வீட்டுக்காரர் எங்கள் தீவுக்கு எதிரே அக்கரையில், பட்டர்வொர்த் பக்கத்து மாக் மண்டினில், ஓர் இரும்புப் பட்டறையில் வேலை பார்த்தார். டத்தோ கிராமாட் பகுதியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளோடு பெர்ரி ஏறிப் போவார். அக்கரையில் பட்டறை, இக்கரையில் கப்பல். எங்கள் வீட்டு அரிசி இரண்டு கரையிலிருந்தும் வந்தது. எது பெரிது என்று நாங்கள் சண்டை போட்டதில்லை. அவர் பேசினால்தானே சண்டை வரும்.

கப்பல்காரர்களுக்கு ஒரே கட்டளைதான். சொன்ன நேரத்துக்குள் எல்லாப் பயணியும் கப்பலுக்குள் இருக்க வேண்டும். எங்கள் தப்பால் ஒருவர் கரையில் நின்றுவிட்டால், அடுத்த கப்பலுக்கு வேறு நிறுவனத்தைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்த வழிகாட்டியின் பெயரும் பட்டியலிலிருந்து போய்விடும். என் பெயர் போகாமல் இருந்தது. ஓய்வு பெற இரண்டு ஆண்டு இருக்கும்போது சபாபதி ஐயா வந்தார்.

விழுப்புரம் பக்கத்துக்காரர், ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். கஞ்சி போட்ட வேட்டி, சட்டைப்பையில் சின்ன டைரி, கையில் பழைய கடிகாரம். என் குழுவில் முப்பத்தொன்பது பேர். அவர் பக்கத்துச் சீட்டு மட்டும் காலியாக இருந்தது. மனைவி பத்மா அம்மாவுக்கு முழங்கால் வலி, கப்பலை விட்டு இறங்கவில்லை. "நீங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்கன்னுட்டா. எப்படியும் சொல்லாம விடமாட்டீங்கன்னா" என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். ஒவ்வோர் இடத்திலும் பஸ் கிளம்பும்போது கடிகாரத்தைப் பார்த்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "மூணு நிமிஷம் லேட்டும்மா" என்பார். கோயிலில் ஐந்து நிமிடம் லேட். கொடிமலை அடிவாரத்தில் ஏழு. அந்த ஏழுக்கு நான் மன்னிப்பே கேட்டுவிட்டேன்.

மூன்றரை மணிக்கு லிட்டில் இந்தியாவில் இறக்கிவிட்டு வழக்கம்போல் சொன்னேன்: "நாலரைக்கு இங்கயே பஸ் வரும். நடக்கணும்னு நினைக்கிறவங்க நேரா துறைமுகத்துக்கு நடந்தே போயிடலாம், பத்து நிமிஷந்தான். அஞ்சரைக்குள்ள எல்லாரும் கப்பலுக்குள்ள இருக்கணும். ஆறு மணிக்குக் கப்பல் கிளம்பிடும்."

சபாபதி ஐயா டைரியில் குறித்துக்கொண்டார். "துறைமுகம். எவ்வளவு அழகாச் சொன்னீங்க! எங்க ஊர்லயே இப்ப ஹார்பர்னுதான் சொல்றான்" என்றார். மனைவி முழங்காலுக்கு ஜாதிக்காய்த் தைலம் வாங்க வேண்டும், வாங்கிக்கொண்டு நடந்தே போய்விடுகிறேன் என்றும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு தமிழ்நாட்டுக்காரர் என் தமிழைப் பாராட்டிவிட்டார். அந்தப் பெருமைக்கு ஆயுசு ஒன்றேகால் மணி நேரம்.

நாலரைக்குப் பஸ் வந்தது. காதர் சார் முறைப்படி எண்ணினேன். நடந்து போகிறேன் என்று சொல்லிப் போனவரைக் கழித்தால் முப்பத்தெட்டு, சரியாக இருந்தது. கப்பலடியில் எல்லாரையும் இறக்கிவிட்டு நிற்கும்போது கைப்பேசி அடித்தது.

"ஹலோ, சரோஜினி அக்காவா? நான் போர்ட் கேட்ல ஜாகா பேசுறேன்."

"எந்தப் போர்ட்டுங்க?"

"பட்டர்வொர்த் போர்ட்டுலா. இங்க ஒரு ஐயா வந்து நிக்கிறாரு. வேட்டி கட்டியிருக்காரு, கப்பல்ல ஏறணும்ங்கிறாரு. இங்க எல்லாம் கன்டெய்னர் கப்பல்தான் அக்கா. கழுத்து அட்டையில உங்க நம்பர் இருந்துச்சி."

நடந்தது என்ன என்று அந்தக் காவலாளி சொன்னதிலிருந்தே பாதி விளங்கிவிட்டது, மீதி பிறகு தெரிந்தது. தைலம் வாங்கிக்கொண்டு சபாபதி ஐயா ஒரு டீக்கடையில், "துறைமுகத்துக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டிருக்கிறார். பினாங்கில் யாரும் வாயால் துறைமுகம் என்று சொல்வதில்லை. அந்தச் சொல்லை ரேடியோ செய்தியில்தான் கேட்போம், அதுவும் சரக்குக் கப்பல் வரும் பட்டர்வொர்த் துறைமுகத்தைப் பற்றித்தான் இருக்கும். டீக்கடையில் இருந்தவரோ லாரி ஓட்டுநர், தினமும் அங்கே போய்வருகிறவர். அவருக்குச் சந்தேகமே வரவில்லை. "துறைமுகமா? அது அக்கரையிலங்க ஐயா" என்று கையோடு கூட்டிப்போய்ப் பெர்ரியில் ஏற்றிவிட்டார். இங்கிருந்து அக்கரைக்குப் போகிறவரிடம் டிக்கெட் கேட்பதில்லை, திரும்பி வரும்போதுதான் காசு. யாரும் காசு கேட்காததால், இது கப்பல்காரர்கள் விட்ட படகு என்று இவர் எண்ணிக்கொண்டார். அக்கரையில் இறங்கியதும் இன்னொரு புண்ணியவான் மோட்டார் சைக்கிளில் ஏற்றித் துறைமுக வாசலிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டார். எங்கள் ஊர்க்காரர்கள் உதவி செய்வார்கள் என்று கையேடுகளில் எழுதியிருக்கும். எவ்வளவு தூரம் செய்வார்கள் என்று எழுதியிருக்காது.

கைப்பேசியை ஐயாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அம்மா, நான் துறைமுகத்துக்கு வந்துட்டேன். ரொம்பப் பெரிசா இருக்கு. நம்ம கப்பலத்தான் காணோம்."

"ஐயா, அது வேற துறைமுகம். கப்பல் இந்தக் கரையில நிக்குது."

"உங்க ஊர்ல எத்தனை துறைமுகம்மா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்துப் பேசியபோது குரல் மாறிவிட்டது. "பத்மா கப்பல்ல இருக்கா. அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் இல்லாம வெளியூர்ல ஒரு ராத்திரி இருந்ததில்லம்மா" என்றார்.

மணி நான்கு ஐம்பது. பாலம் வழியாகக் கார் வந்தால் அந்த நேரத்து நெரிசலில் ஆறரை ஆகிவிடும். பெர்ரிதான் வழி. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவருக்கு ஐந்து மணிக்கு வேலை முடியும், பட்டறையிலிருந்து துறைமுக வாசல் பக்கம்தான்.

"போர்ட் கேட்ல ஒரு ஐயா நிக்கிறாரு. வேட்டி கட்டியிருப்பாரு. மோட்டார்ல ஏத்திக்கிட்டுப் பெர்ரி புடிச்சு, கப்பல்கிட்ட கொண்டாந்துடுங்க. அஞ்சரைக்குள்ள வரணும்."

"ம்."

"இன்னொரு ஹெல்மெட் இருக்கா?"

"ம்."

எங்கள் கல்யாண வாழ்க்கையில் அந்த 'ம்' எனக்கு எத்தனையோ தடவை எரிச்சல் மூட்டியிருக்கிறது. அன்றைக்கு அதைக் கேட்டபோது அழுகை வந்தது.

அடுத்து காதர் சார். முழுதும் கேட்டுவிட்டு, "வர்றேன்" என்றார். சரோ என்றும் சொல்லவில்லை, சரோஜினி அம்மா என்றும் சொல்லவில்லை. பத்து நிமிடத்தில் வந்து நின்றார். கப்பல் முகவர் ஒரு சீனப் பெண், நல்லவர். அவரிடம் ஒரு கால் மணி நேரம் கேட்டார். அந்தப் பெண் மேலே பேசிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஓர் ஆளுக்காகக் கப்பல் நிற்காது. ஐந்தரைக்கு மேல் பத்து நிமிடம் ஏணியை எடுக்காமல் வைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

காதர் சார் உடனே மாற்று வழி போட்டார். மனைவி கப்பலிலேயே இருக்கட்டும், ஐயாவை நாளை விமானத்தில் அடுத்த ஊருக்கு அனுப்பிவிடலாம். எல்லாருக்கும் அதுதான் வசதி, நிறுவனத்துக்கும்தான். பத்மா அம்மாவுக்குத் தமிழில் சொல்ல ஆள் இல்லை என்று முகவர் தன் கைப்பேசியை என்னிடம் கொடுத்தார்.

"அம்மா, பயப்படாதீங்க. ஐயா கொஞ்சம் லேட்டாயிட்டாரு. நீங்க கப்பல்லயே இருங்க, நாளைக்கு வந்து சேந்துருவாரு."

"எங்க இருக்காரு?"

"அக்கரையிலம்மா. நல்லா இருக்காரு, வந்துகிட்டே இருக்காரு."

"கப்பல் நிக்காதா?"

"நிக்காதாம்மா. கேட்டுப் பாத்துட்டோம்."

"அது சரிதான். எங்க அண்ணன் கையில பலகாரத் தூக்கோட பிளாட்பாரத்துல ஓடி வந்தான். இவரு பச்சைக்கொடி காட்டிட்டுத்தான் மறுவேலை பாத்தாரு" என்றார். அத்தோடு இணைப்பு போய்விட்டது.

ஐந்து நாற்பது ஆயிற்று. என் வீட்டுக்காரருக்கு மூன்று முறை அடித்தேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது கைப்பேசியை இருக்கைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிடுவது அவர் வழக்கம். நல்ல பழக்கம்தான், அன்றைக்கு மட்டும் இல்லாமல் இருந்திருக்கலாம். சாலைப் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போது முகவர் என் தோளைத் தொட்டுக் கப்பலைக் காட்டினார்.

ஏணியில் ஒரு பெண் இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கை கம்பியில், ஒரு கை முழங்காலில். ஒரு படி, நிறுத்தம், அடுத்த படி. பின்னால் கப்பல் ஊழியர் ஒருவர் இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு, அவரை முந்தவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் வந்தார். கரையில் கால் வைத்ததும் ஏணியை எடுத்துவிட்டார்கள். காதர் சார் போட்ட திட்டத்தை ஒருவர் கேட்காமல் போனதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"நீங்கதான் சரோஜினியா?" என்றார் பத்மா அம்மா. "ஒரு நாற்காலி கிடைக்குமா?"

காதர் சாரே ஓடிப்போய் எடுத்து வந்தார், டீயும் வாங்கி வந்தார். நான் அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஜெட்டியிலிருந்து துறைமுகம் வரைக்கும். தப்பு என்னுடையது, நான் சொன்ன வார்த்தையால் வந்தது என்றேன். விபர அறிக்கைத் தாளையும் எடுத்தேன். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். 'பயணி வழிகாட்டியின் சொல்லைக் கேட்கவில்லை' என்று எழுதினால் என் பெயரும் பிழைக்கும், நிறுவனமும் பிழைக்கும். அதை யாரும் கேள்வி கேட்கவும் மாட்டார்கள். ஒரு கணம் எனக்கு அந்த ஆசை வந்தது, மறைப்பானேன்? ஆனால் சபாபதி ஐயா கேட்டார். கேட்டதை டைரியில் எழுதியும் வைத்துக்கொண்டார்.

காதர் சார் தாளை என் கையிலிருந்து வாங்கினார். எழுதும் பேனாவை எடுத்து, 'நிறுவனம் தந்த சொல் தவறானது' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"பலகையில எழுதுனது நான்தானே சரோ" என்றார்.

பிறகு கப்பலைப் பார்த்துக்கொண்டே, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார்: "கப்பல்ல வர்றவங்க எட்டு மணி நேரம் இருப்பாங்க. பிரிட்ஜ்ல ஒட்டுற காந்தம் ஒண்ணு வாங்குவாங்க, போயிடுவாங்க. இவங்க ரெண்டு பேரும் இனி ஹோட்டல்ல தங்கணும், மூணு வேளை சாப்பிடணும், விமானம் ஏறணும். கப்பலுக்கு ரெண்டு பேரை இப்படித் தவற விட்டோம்னா ஊரு எங்கயோ போயிடும்." அவர் கிண்டல் செய்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பத்மா அம்மா டீயைச் சிந்திவிட்டார்.

ஆறு மணிக்குக் கப்பல் ஊதியது. மெதுவாகக் கரையைவிட்டு விலகியது. அந்த நேரத்தில் பெர்ரியில் நடந்ததை என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து சொன்னார், அவர் அளவுக்கு அது ஒரு சொற்பொழிவு. ஐந்தேகால் பெர்ரி கண் முன்னால் போய்விட்டதாம். அடுத்ததில் ஏறி நடுக்கடலுக்கு வந்தபோது கப்பல் திரும்புவது தெரிந்ததாம். சபாபதி ஐயா ஹெல்மெட்டோடு கம்பியோரம் ஓடி, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாராம். அவ்வளவு தூரத்தில் யாருக்குத் தெரியும்? பிறகு நிறுத்திவிட்டு, "அதுல என் பொண்டாட்டி இருக்கா" என்றாராம். என்ன சொல்வதென்று தெரியாமல் என் வீட்டுக்காரரும் பக்கத்தில் நின்று கப்பலுக்குக் கையாட்டினாராம்.

ஆறு இருபதுக்கு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வேட்டியில் எண்ணெய்க் கறை. இறங்கியதும் ஐயா முதலில் காலி இடத்தைத்தான் பார்த்தார். காலையில் கப்பல் நின்ற இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது. பிறகுதான் நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார். நடந்து வந்தார், பக்கத்தில் இருந்த பெட்டியின்மேல் உட்கார்ந்தார், இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நாங்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

பத்மா அம்மா அவர் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"இன்னைக்கு ஒருத்தர்கிட்ட வழி கேட்டீங்களாமே?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"நாப்பத்தோரு வருஷத்துல இதான் முதல் தடவை. இனிமே கேக்க வேணாம்."

முகவர் உட்பட எல்லாரும் சிரித்துவிட்டோம். அவருக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை, ஆனாலும் சிரித்தார். ஐயா மட்டும் சிரிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ ஏன் பத்மா எறங்குன? உனக்குக் காசு கட்டியிருக்கு. சாப்பாடு, ரூம் எல்லாம் இருக்கு. கப்பல் போயிடுச்சே" என்றார்.

"போகட்டும்" என்றார் பத்மா அம்மா. "நீங்க இங்க நிக்கிறீங்க. அது எந்த ஊருக்குப் போனா எனக்கென்ன?"

பேசியே சம்பளம் வாங்கியவள் நான். அவர்களிடம் மன்னிப்புக் கேட்க மனதுக்குள் பத்து வாக்கியம் அடுக்கி வைத்திருந்தேன், எல்லாம் நல்ல தமிழில். ஒன்றுகூட வாயில் வரவில்லை. ஒரு பெட்டியை நான் எடுத்தேன், இன்னொன்றை என் வீட்டுக்காரர் எடுத்தார். நிறுவனத்தின் கார் நின்ற இடம் ஐம்பது அடிகூட இருக்காது. அவர்கள் இருவரும் அங்கே வந்து சேர நெடுநேரம் ஆயிற்று. மனைவி நிற்கும்போதெல்லாம் ஸ்டேஷன் மாஸ்டரும் நின்றார்.